இத்தாலியின் வரலாறும் புலம்பெயர்வும்: எந்தப் புத்தகத்தைப் படிக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசிப்புக் குழுவில் இத்தாலிய நூல்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இத்தாலியைப் புரிந்துகொள்ள ஊரைவிட்டுப் போனவர்களிடமிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் எண்ணம். பதில்களிலும் அந்தச் சாய்வு இருக்கும்.

இத்தாலி வரலாறுன்னா ரோமப் பேரரசு, மைக்கலாஞ்சலோ இதெல்லாம்தானே? இதுல புலம்பெயர்வு எங்கே வருது?

ரோமும் மறுமலர்ச்சியும் அந்த மண்ணில் நடந்தவைதான். ஆனால் இத்தாலி என்ற ஒரே நாடு பிறந்தது 1861 மார்ச் 17இல். ரோம் நகரம் அதில் சேர்ந்தது 1870இல். அதற்கு முன் அங்கே இருந்தவை தனித்தனி அரசுகள்: தெற்கே நேப்பிள்ஸ் அரசு, நடுவில் போப்பின் ஆட்சிப் பகுதி, வடமேற்கே பீட்மாண்ட், ஆஸ்திரியாவின் பிடியில் மிலானும் வெனிஸும், இன்னும் சில சிற்றரசுகள்.

நாடு உருவான கையோடு மக்கள் கிளம்பத் தொடங்கிவிட்டார்கள். 1876இல் அரசு கணக்கெடுக்க ஆரம்பித்தது. அதிலிருந்து நூறு ஆண்டுகளில் வெளியேறியவர்கள் சுமார் 2.6 கோடி. 1861இல் நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 2.2 கோடிதான். 1913இல் மட்டும் 8.7 லட்சம் பேர் போனார்கள். போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் திரும்பியும் வந்தார்கள், சிலர் மறுபடியும் போனார்கள். இதைத் தொடாமல் எழுதப்படும் நவீன இத்தாலியின் வரலாற்றை நான் முழுமையானதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்க, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கார்லோ லேவி எழுதிய 'கிறைஸ்ட் ஸ்டாப்ட் அட் எபோலி'. 1945இல் வந்தது. லேவி டூரின் நகரத்துக்காரர். மருத்துவம் படித்தவர், ஓவியர். முசோலினி ஆட்சியை எதிர்த்ததற்காக 1935இல் அவரைத் தெற்குக் கோடியில் உள்ள லூக்கானியாவுக்கு, அதாவது இன்றைய பசிலிக்காட்டாவுக்குத் தண்டனையாக அனுப்பிவைத்தார்கள். அங்கே அலியானோ என்ற மலைக்கிராமத்தில் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார். மலேரியா, வரி, களிமண் மேடுகள், வேறு வைத்தியரை நம்பாமல் இவர் வாசலில் வந்து நிற்கும் விவசாயிகள்.

இதைப் புலம்பெயர்வு நூல் என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு இது அப்படித்தான் படுகிறது. அந்த வீடுகளின் சுவரில் இரண்டு படங்கள் தொங்குகின்றன. ஒன்று விஜ்ஜானோ ஊரின் கறுப்பு மாதா. இன்னொன்று கண்ணாடி பளபளக்கச் சிரிக்கும் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட். மன்னர் படம் இல்லை, முசோலினி இல்லை, இத்தாலியை ஒன்றிணைக்கப் போரிட்ட கரிபால்டிகூட இல்லை. சில வீடுகளில் மூன்றாவதாக ஒரு டாலர் நோட்டும் சுவரில் இருக்கும். கத்தரிக்கோலும் விவசாயக் கருவிகளும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. அளவுகளைக்கூட அவர்கள் அங்குலத்திலும் பவுண்டிலும் சொல்கிறார்கள். அவர்களுக்குத் தலைநகரம் என்று ஒன்று உண்டென்றால் அது நியூயார்க் என்கிறார் லேவி. ரோமிலிருந்து வருவது வரியும் படையாள் ஓலையும்தான். ஒரு நாட்டின் அரசுக்கும் மக்களுக்கும் இடையே இருந்த தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பக்கங்களை நான் படித்ததில்லை.

எனக்கு இத்தாலியன் தெரியாது. தமிழ்ல கிடைக்குமா, இல்ல இங்கிலீஷ்லதான் படிக்கணுமா?

இங்கே சொல்லும் நூல்களுக்குப் பெரும்பாலும் ஆங்கிலம்தான் வழி. இத்தாலோ கால்வினோ போன்ற சிலர் தமிழில் வந்திருக்கிறார்கள், ஆனால் புலம்பெயர்வு சார்ந்த எழுத்து தமிழுக்கு மிகக் குறைவாகவே வந்திருக்கிறது. மொழிபெயர்க்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், ஏழாவது கேள்வியில் வரும் ஷாஷாவின் சிறுகதையிலிருந்து தொடங்கலாம் என்பது என் வேண்டுகோள். சில பக்கங்கள்தான்.

ஆங்கில மொழிபெயர்ப்பாளர்களில் ஆன் கோல்ட்ஸ்டீன், வில்லியம் வீவர் ஆகிய இரண்டு பெயர்களைக் கண்டால் தயங்காமல் எடுக்கலாம்.

நாவல் வேண்டாம். வரலாறா, வரிசையா சொல்ற புத்தகம் வேணும்.

சுருக்கமாக வேண்டுமென்றால் கிறிஸ்டஃபர் டக்கன் எழுதிய 'எ கன்சைஸ் ஹிஸ்டரி ஆஃப் இட்டலி'. விரிவாக வேண்டுமென்றால் அவருடைய 'தி ஃபோர்ஸ் ஆஃப் டெஸ்டினி'. 1796இல் நெப்போலியன் படையெடுப்பிலிருந்து தொடங்குகிறது, தடித்த புத்தகம். டேவிட் கில்மரின் 'தி பர்சூட் ஆஃப் இட்டலி' (2011) வாசிக்கச் சுகமானது. இத்தாலியின் பலம் அதன் தனித்தனி ஊர்களிலும் வட்டாரங்களிலும் இருக்கிறது, ஒருங்கிணைப்பு அவசரமாக நடந்தது என்பது அவர் கட்சி. கட்சி கட்டி எழுதிய நூல் என்ற நினைவோடு படித்தால் போதும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் என்றால் பால் கின்ஸ்பர்க் எழுதிய 'எ ஹிஸ்டரி ஆஃப் கன்டெம்பரரி இட்டலி' நூலுக்கு இணை இல்லை. நிலத்துக்காகத் தெற்கத்தி விவசாயிகள் நடத்திய போராட்டத்தையும் தொழிற்சாலை வேலைநிறுத்தங்களையும் அமைச்சரவை மாற்றங்களுக்குச் சமமாக வைத்து எழுதியிருக்கிறார். புலம்பெயர்வு வரலாற்றுக்கு டோனா கபாச்சியாவின் 'இட்டலிஸ் மெனி டயஸ்போராஸ்' (2000). இத்தாலியர்களின் புலம்பெயர்வு ஒன்றல்ல, பல என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார்.

ஏன் அவ்வளவு பேர் கிளம்பினாங்க? வறுமை மட்டும்தான் காரணமா?

வறுமை மட்டும் காரணமாக இருந்தால் மிக மிக ஏழைகள்தான் முதலில் போயிருக்க வேண்டும். கப்பல் டிக்கெட்டுக்குக் காசு இல்லாதவனால் எங்கேயும் போக முடியாது. கையில் துண்டு நிலமோ கைத்தொழிலோ இருந்து, அது கண்ணெதிரே கரைந்துபோனவர்கள்தான் அதிகம் கிளம்பினார்கள்.

அது ஏன் கரைந்தது? 1868இல் புதிய அரசு மாவு அரைப்பதற்கே வரி போட்டது. 1880களில் அமெரிக்கக் கோதுமை மலிவாக வந்து இறங்கி உள்ளூர் விலையைச் சாய்த்தது. பிறகு பிரான்சுடன் சுங்கவரிச் சண்டை வந்து தெற்கின் ஒயின் ஏற்றுமதி படுத்தது. திராட்சைக் கொடியின் வேரைத் தின்னும் ஃபிலாக்செரா பூச்சி மிச்சத்தை முடித்தது. இதே காலத்தில் நீராவிக் கப்பல் வந்தது, டிக்கெட் விற்கும் தரகர்கள் கிராமம் கிராமமாகச் சுற்றினார்கள். முதலில் போய்ச் சேர்ந்தவன் எழுதிய கடிதத்தைப் பார்த்து அடுத்தவன் கிளம்பினான்.

இந்த வாழ்க்கையை உள்ளிருந்து பார்க்க இஞ்ஞாட்ஸியோ சிலோனேயின் 'ஃபோன்டமாரா' படியுங்கள். நாடு கடந்து சுவிட்சர்லாந்தில் இருந்தபோது எழுதியது, 1933இல் வெளியானது. ஒரு கிராமத்தின் ஓடையைப் புதுப்பணக்காரரான ஒப்பந்தக்காரர் ஒருவர் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறார், மக்களை ஏமாற்றிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறார்கள். வாய்க்கால் தண்ணீருக்கு ஊரே திரண்டு நின்றதைப் பார்த்த தமிழ் வாசகருக்கு இந்த நாவலில் விளக்கவுரை எதுவும் தேவைப்படாது.

எல்லாரும் சிசிலிக்காரங்கதானே? எல்லாரும் அமெரிக்காவுக்குத்தானே போனாங்க?

இரண்டுமே இல்லை. முதல் சில பத்தாண்டுகளில் அதிகம் போனவர்கள் வடக்கத்திக்காரர்கள்: வெனெட்டோ, ஃப்ரியூலி, பீட்மாண்ட் பகுதியினர். தெற்கிலிருந்து பெருங்கூட்டமாகக் கிளம்பியது 1900ஐ ஒட்டித்தான்.

போன இடங்களும் பல. பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, ஜெர்மனி என்று பக்கத்து நாடுகளுக்குப் போனவர்கள் லட்சக்கணக்கில் உண்டு. பிரேசிலில் 1888இல் அடிமை முறை ஒழிந்ததும் சாவோ பாவ்லோ காப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. டிக்கெட் காசை அங்கிருந்தே கொடுத்துக் குடும்பம் குடும்பமாக இத்தாலியர்களை அழைத்துக்கொண்டார்கள். தோட்ட நிலைமை தெரியவந்து, 1902இல் இத்தாலிய அரசு அந்த இலவசப் பயணத்தைத் தடை செய்தது. தெற்கு பிரேசிலில் வெனெட்டோ பேச்சிலிருந்து கிளைத்த தலியான் மொழியை இன்றும் பேசுகிறார்கள். அர்ஜென்டினாவுக்கு ஒவ்வோர் ஆண்டும் அறுவடைக்குப் போய்த் திரும்பியவர்கள் இருந்தார்கள். இத்தாலியில் குளிர்காலம் என்றால் அங்கே கோடை. ஆகவே ஒரே ஆண்டில் இரண்டு கண்டங்களில் அறுவடை செய்தார்கள். அவர்களைத் தகைவிலான் குருவிகளின் பெயரால் அழைத்தார்கள்.

போருக்குப் பின் பெல்ஜியம். 1946இல் இரு அரசுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டன: இத்தாலி தொழிலாளிகளை அனுப்பும், பெல்ஜியம் நிலக்கரி தரும். 1956 ஆகஸ்ட் 8இல் மார்சினெல் சுரங்கத்தில் தீப்பிடித்து 262 பேர் இறந்தார்கள். அதில் 136 பேர் இத்தாலியர்கள்.

கப்பல் பயணம் எப்படி இருந்துச்சுன்னு சொல்ற புத்தகம் இருக்கா?

எத்மோந்தோ தே அமீசிஸ் 1884இல் ஜெனோவாவிலிருந்து தென்னமெரிக்காவுக்குக் கப்பலில் போனார். அந்த அனுபவத்தை 1889இல் 'சுல்லொச்சேயானோ' என்ற பெயரில் வெளியிட்டார். மூன்றாம் வகுப்பில் மட்டும் 1,600 பேர். அவர் முதல் வகுப்பில் இருந்துகொண்டு எழுதுகிறார் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். ஆனாலும் கீழ்த்தளத்துக்கு இறங்கிப்போய்ப் பேசுகிறார், ஏன் போகிறீர்கள் என்று கேட்கிறார். அந்தக் காலத்தில் எழுத்தாளர்கள் அவ்வளவாகக் கேட்காத கேள்வி அது.

அப்புறம் லியோனார்டோ ஷாஷாவின் சிறுகதை, 'நெடும்பயணம்' என்று பொருள்படும் தலைப்பு. சிசிலி விவசாயிகள் சிலர் திருட்டுத்தனமாக அமெரிக்கா போக ஒரு தரகரிடம் ஆளுக்கு 2,50,000 லிரா பேசுகிறார்கள். பாதி கிளம்பும்போது, பாதி இறங்கும்போது. கோவேறு கழுதையை விற்றவர், வீட்டில் சேர்த்துவைத்த தானியத்தை விற்றவர், போர்வையை விற்றவர் என்று எல்லாரும் காசு திரட்டுகிறார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் கந்துவட்டிக்காரனிடம் கடன் வாங்குகிறார்கள், அமெரிக்கா போய்விட்டால் ஒரு முறையாவது அவனை ஏமாற்றிவிடலாம் என்ற நினைப்பில். பதினொரு இரவு கடலில் சுற்றியபின் கரை தெரிகிறது. முடிவைச் சொல்லமாட்டேன். இன்று ஏஜென்டிடம் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இந்தக் கதை உடனே புரியும்.

காட்ஃபாதர் படிச்சிருக்கேன், படமும் பார்த்திருக்கேன். அது போதாதா?

போதாது. மரியோ பூசோ 1969இல் 'காட்ஃபாதர்' எழுதும் முன், 1965இல் 'தி ஃபார்சுனேட் பில்க்ரிம்' என்று ஒரு நாவல் எழுதினார். நியூயார்க்கின் ஹெல்ஸ் கிச்சன் பகுதியில் பிள்ளைகளை வளர்க்கப் போராடும் லூசியா சான்டா என்ற தாயின் கதை. தன் நாவல்களில் சிறந்தது இதுதான் என்பது பூசோவின் கருத்து. டான் கார்லியோன் பேசும்போதெல்லாம் தனக்குக் கேட்டது தன் அம்மாவின் குரல் என்றும் பின்னாளில் எழுதினார். அந்த அம்மாவை நேரடியாகப் பார்க்க வேண்டுமென்றால் முந்தைய நாவலுக்குத்தான் போக வேண்டும்.

மாஃபியாவைப் பற்றியே தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஜான் டிக்கியின் 'கோசா நோஸ்ட்ரா' (2004) ஆவணங்களை வைத்து எழுதிய வரலாறு. ஷாஷா 1961இல் எழுதிய 'தி டே ஆஃப் தி அவுல்' சின்ன நாவல். மாஃபியா என்று ஒன்று இல்லவே இல்லை என்று அரசியல்வாதிகள் சாதித்துக்கொண்டிருந்த காலத்தில் வந்தது. இரண்டிலும் கௌரவம், குடும்பப் பாசம் என்ற பூச்சு எதுவும் கிடையாது. இருப்பது பயமும் பணமும்தான்.

அமெரிக்காவுல அவங்களும் வெள்ளைக்காரங்கதானே, நல்லாத்தானே நடத்தியிருப்பாங்க?

1891 மார்ச் 14இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து 11 இத்தாலியர்களைக் கொன்றது. அவர்களில் வழக்கிலிருந்து விடுதலை ஆனவர்களும் உண்டு. 1907இல் மேற்கு வர்ஜீனியாவின் மோனங்கா சுரங்க வெடிப்பில் அதிகாரபூர்வக் கணக்குப்படி 362 பேர் இறந்தார்கள், அதில் 171 பேர் இத்தாலியர்கள். 1924இல் அமெரிக்கா போட்ட குடியேற்றச் சட்டம் இத்தாலிக்கு ஆண்டுக்கு 3,845 இடம் என்று சுருக்கிவிட்டது. கொலைக்குற்றம் சாட்டப்பட்ட அராஜகவாதிகள் சாக்கோ, வான்செட்டி இருவரும் 1927இல் மின்நாற்காலியில் கொல்லப்பட்டார்கள். விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று உலகமெங்கும் ஊர்வலங்கள் நடந்தன. அவர்கள் சிறையிலிருந்து எழுதிய கடிதங்கள் நூலாகக் கிடைக்கின்றன, கட்டாயம் படிக்க வேண்டியவை.

நாவல் என்றால் பியெத்ரோ தி தொனாத்தோவின் 'கிறைஸ்ட் இன் கான்க்ரீட்' (1939). கொத்தனார் கெரேமியோ, புனித வெள்ளி அன்று கட்டடம் சரிந்து கான்கிரீட்டுக்குள் புதைகிறார். பன்னிரண்டு வயது மகன் பால் அப்பாவின் கரணையை எடுத்துக்கொண்டு வேலை தேடிப் போகிறான். எழுதியவரின் தந்தையும் 1923இல் அப்படித்தான் இறந்தார், அவரும் அந்த வயதில்தான் கொத்து வேலைக்குப் போனார். நடை முரட்டுத்தனமானது, சில இடங்களில் தடுக்கும். முதல் அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள்.

எல்லாம் ஆம்பளைங்க கதையாவே இருக்கே. பெண்கள் என்ன ஆனாங்க?

நியாயமான கேள்வி. கணவன் கடல் கடந்தபின் ஊரில் தங்கிய மனைவிகளை 'வெள்ளை விதவைகள்' என்றே அழைத்தார்கள். நிலத்தைப் பார்த்ததும், வரும் பணத்தை நிர்வகித்ததும், கடனை அடைத்ததும் அவர்கள்தான். கூடப் போன பெண்கள் தையல் ஆலைகளில் வேலை செய்தார்கள். 1911இல் நியூயார்க் ட்ரையாங்கிள் ஆலைத் தீயில் இறந்த 146 பேரில் பெரும்பாலோர் யூத, இத்தாலிய இளம்பெண்கள்.

நான் முதலில் கையில் கொடுப்பது 'ரோசா: தி லைஃப் ஆஃப் அன் இட்டாலியன் இமிக்ரன்ட்' (1970). லொம்பார்டியில் பட்டுநூல் ஊரில் வளர்ந்து, சிறுவயதிலேயே வேலைக்குப் போய், விருப்பமில்லாத திருமணத்துக்குத் தள்ளப்பட்டு, மிசூரி இரும்புச் சுரங்க முகாமுக்கு வரவழைக்கப்பட்ட ஒரு பெண் தன் கதையைச் சொல்கிறார். அவர் பின்னாளில் சிகாகோவில் சமையலும் துப்புரவும் செய்தபடி சொல்லச் சொல்ல, மேரி ஹால் எட்ஸ் எழுதிக்கொண்டார். பணக்காரர்கள் எதிரில் தலைநிமிர்ந்து பார்க்கவே பயந்த பெண், நிமிர்ந்து பேசக் கற்றுக்கொண்டதுதான் அமெரிக்கா தனக்குத் தந்தது என்கிறார். நாவலாக வேண்டுமென்றால் ஹெலன் பரோலினியின் 'உம்பர்டினா' (1979), ஒரு குடும்பத்துப் பெண்களின் தலைமுறைக் கதை.

ஃபெரான்டே நாவல்களை இந்தப் பட்டியல்ல சேர்க்கலாமா? அதுல யாரும் அமெரிக்கா போகலையே.

தாராளமாகச் சேர்க்கலாம். நேப்பிள்ஸின் ஏழைக் குடியிருப்பில் பிறந்த எலேனா, படித்து, பீசாவுக்கும் ஃப்ளோரன்ஸுக்கும் போகிறாள். அங்கே தன் பேச்சையும் கைவீச்சையும் மாற்றிக்கொள்கிறாள். தோழி லீலா ஊரிலேயே இருந்துவிடுகிறாள். எலேனா ஃபெரான்டேயின் 'மை பிரில்லியன்ட் ஃப்ரெண்ட்' தொடங்கி 2011 முதல் 2014 வரை வந்த நான்கு பாகங்களும் போனவளுக்கும் நின்றவளுக்கும் இடையே நடக்கும் கணக்குத் தீர்ப்புதான்.

உள்நாட்டு இடப்பெயர்வு சின்ன விஷயமும் அல்ல. 1950கள், 60களில் லட்சக்கணக்கான தெற்கத்தியர் ரயிலேறி மிலானுக்கும் டூரினுக்கும் போனார்கள். டூரினில் ஃபியட் ஆலை அவர்களை விழுங்கிக்கொண்டது. 'தெற்கத்தியருக்கு வீடு வாடகைக்கு இல்லை' என்று பலகை மாட்டினார்கள். இன்னொன்று: ஊர்விட்டு ஊர் குடியேறுவதைக் கட்டுப்படுத்தி முசோலினி ஆட்சி 1939இல் போட்ட சட்டம் 1961 வரை அமலில் இருந்தது. சொந்த நாட்டுக்குள்ளேயே சட்டவிரோதக் குடியேறிகளாக வாழ்ந்தவர்கள் இவர்கள். நாலாவது கேள்வியில் சொன்ன கின்ஸ்பர்க் நூலில் இது விரிவாக இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி ஏதாவது? பாஸ்தா, பீட்சா எல்லாம் கிராமத்து ஏழைங்க உணவுதானே?

ஜான் டிக்கியின் 'டெலிட்சியா!' (2007) இந்த நம்பிக்கையைத்தான் உடைக்கிறது. இத்தாலியச் சமையல் நகரங்களில் வளர்ந்தது என்பது அவர் வாதம். கிராமத்து ஏழை சாப்பிட்டது வேறு. வெனெட்டோவில் மக்காச்சோளக் கூழையே மூன்று வேளையும் குடித்து, சத்துக்குறைவால் பெல்லாக்ரா நோய் வந்து தோல் உரிந்து, புத்தி தடுமாறி இறந்தார்கள். ஆறாவது கேள்வியில் சொன்ன பிரேசில் கூட்டம் கிளம்பியது இந்தப் பகுதியிலிருந்துதான்.

ஹாசியா டைனரின் 'ஹங்கரிங் ஃபார் அமெரிக்கா' (2001) அடுத்த கட்டத்தைச் சொல்கிறது. ஊரில் பண்ணையார் வீட்டில் மட்டும் பார்த்த இறைச்சியும் வெள்ளை ரொட்டியும் பாஸ்தாவும் அமெரிக்காவில் கூலிக்காரன் தட்டுக்கு வந்தன. இன்று நாம் இத்தாலிய உணவு என்று சொல்வதில் ஒரு பங்கு, பசியோடு போனவர்கள் வயிறு நிறைந்தபின் உருவாக்கியது.

இத்தாலிக்குக் காலனி நாடுகள் இருந்துச்சா என்ன?

இருந்தன: எரித்ரியா, சோமாலியா, லிபியா, பிறகு எத்தியோப்பியா. 1896இல் அத்வா போரில் எத்தியோப்பியாவிடம் தோற்றார்கள். 1935இல் முசோலினி மறுபடி படையெடுத்து விஷவாயுவைப் பயன்படுத்தினார். 1937 பிப்ரவரியில் அடிஸ் அபாபாவில் பொதுமக்களைக் கொன்று குவித்தார்கள். விஷவாயுவைப் பயன்படுத்தியதை இத்தாலியப் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்புக்கொண்டது 1996இல்தான்.

இதற்கும் புலம்பெயர்வுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நம் ஆட்கள் அந்நிய நாட்டுக்குப் போய் உழைப்பதைவிட நமக்கே நிலம் பிடிப்போம் என்பதுதான் காலனி கேட்டவர்களின் பேச்சு. மார்க் சோட் எழுதிய 'எமிக்ரன்ட் நேஷன்' (2008) இதை விளக்குகிறது. கார்லோ லேவியின் கிராமத்தினர் இந்தப் பேச்சில் மயங்கவில்லை. எத்தியோப்பியப் போர் பற்றிய செய்தி வந்தபோது, போருக்குக் காசு இருக்கிறதே, நாலு வருடமாக இடிந்து கிடக்கும் ஆக்ரி ஆற்றுப் பாலத்தைக் கட்ட மட்டும் காசு இல்லையா என்று கேட்கிறார்கள்.

மறுபக்கத்திலிருந்து படிக்க, எத்தியோப்பியாவில் பிறந்த மாஸா மெங்கிஸ்டேயின் 'தி ஷேடோ கிங்' (2019), போரிட்ட பெண்களைப் பற்றிய நாவல். சோமாலியப் பெற்றோருக்கு ரோமில் பிறந்த இஜாபா ஷேகோவின் 'அதுவா' (2015).

இப்போ இத்தாலிக்கு வர்றவங்களைப் பற்றி யார் எழுதறாங்க?

1970களில்தான் போகிறவர்களைவிட வருகிறவர்கள் அதிகமானார்கள். 1991 ஆகஸ்டில் வ்லோரா என்ற ஒரே கப்பலில் சுமார் 20,000 அல்பேனியர்கள் பாரி துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். 2013 அக்டோபர் 3இல் லாம்பெதூசா தீவின் அருகே படகு கவிழ்ந்து 368 பேர் இறந்தார்கள்.

செனகலிலிருந்து வந்த பாப் கூமா, ஒரு பத்திரிகையாளரின் துணையோடு 1990இல் தன் கதையை எழுதினார். யானைப் பொம்மைகளைத் தெருவில் விற்று, போலீஸ் பறித்துக்கொண்டு போக, மறுபடி வாங்கி விற்ற வாழ்க்கை. அல்ஜீரியாவில் பிறந்த அமாரா லக்கூஸின் 'க்ளாஷ் ஆஃப் சிவிலைசேஷன்ஸ் ஓவர் அன் எலிவேட்டர் இன் பியாட்சா வித்தோரியோ' வாய்விட்டுச் சிரிக்க வைக்கும். ரோமில் ஓர் அடுக்குமாடி வீட்டின் லிஃப்டில் கொலை நடக்கிறது, குடியிருப்பவர்கள் ஒவ்வொருவரும் தன் பங்குக்கு உண்மையைச் சொல்கிறார்கள். லாம்பெதூசாவுக்கு தாவிதே எனியாவின் 'நோட்ஸ் ஆன் எ ஷிப்ரெக்'. ஜான் அந்தோனியோ ஸ்டெல்லாவின் 'லோர்தா' (2002) அல்பேனியர்களைப் பழிக்கும் இத்தாலியர்களிடம், நேற்று நாமும் இப்படித்தான் பார்க்கப்பட்டோம் என்று ஆதாரங்களை அடுக்குகிறது.

அர்ஜென்டினாவுல பிறந்தவங்களுக்கு இத்தாலிக் குடியுரிமை கிடைக்குது, இத்தாலியில பிறந்த புள்ளைங்களுக்குக் கிடைக்கலையாமே? இது எப்படி?

1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியுரிமை ரத்த வழியில் வருகிறது. கொள்ளுத்தாத்தா இத்தாலியர் என்று நிரூபித்தால், அந்த நாட்டைக் கண்ணால் பார்க்காதவரும் 2025 வரை குடிமகன் ஆக முடிந்தது. வெளிநாட்டுப் பெற்றோருக்கு இத்தாலியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளையோ 18 வயதுவரை அங்கேயே இருந்து, பிறகுதான் கேட்க வேண்டும். 2025இல் முதல் வாசலைச் சுருக்கி, பொதுவாகத் தாத்தா பாட்டி தலைமுறையோடு நிறுத்தினார்கள். வெளிநாட்டவர் குடியுரிமை கேட்கக் காத்திருக்கும் பத்து ஆண்டுகளை ஐந்தாகக் குறைக்க அதே ஆண்டு ஜூனில் நடந்த பொது வாக்கெடுப்பு, போதிய பேர் வாக்களிக்காததால் செல்லாமல் போனது.

முதல் பதிலில் சொன்ன கோடிக்கணக்கான வெளியேற்றத்தின் நினைவிலிருந்து பிறந்த சட்டம் இது. அந்த நினைவு வந்து சேர்ந்தவர்களுக்கும் இடம் தர வேண்டும் என்பது என் கருத்து. இந்தப் பிள்ளைகளின் மனநிலைக்கு ஷேகோவின் 'லா மியா காசா எ தோவே சோனோ' (2010) என்ற தன்வரலாற்று நூல்.

தமிழர்களுக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?

உண்டு. இலங்கைப் போர்க்காலத்தில் கிளம்பிய ஈழத்தமிழர்களில் ஒரு பகுதியினர் சிசிலியின் பலெர்மோவில் குடியேறினார்கள். ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியா. அவர் குகைக்கோயில் இருக்கும் பெல்லெக்ரீனோ மலைக்குத் தமிழர்கள், கத்தோலிக்கரும் இந்துக்களும் சேர்ந்தே, ஏறிப்போய் நேர்ச்சை செலுத்துகிறார்கள்.

எதிர்த்திசையில் பார்த்தால் வீரமாமுனிவர். 1680இல் வட இத்தாலியின் காஸ்திலியோனேயில் பிறந்து, இங்கே வந்து தேம்பாவணி பாடினார், சதுரகராதி தொகுத்தார். வெனிஸிலிருந்து சிறுவனாக ஓடிவந்து முகலாயர்களிடம் வேலை பார்த்து, கடைசியில் சென்னையில் குடியேறிய மனூச்சியின் குறிப்புகளும் கிடைக்கின்றன. சந்தைப் பேச்சையும் கேட்டதையும் கலந்து எழுதுபவர், எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்.

நாவலையும் நினைவுக்குறிப்பையும் வரலாறா நம்பலாமா?

எதை நம்புகிறோம் என்பதைப் பொறுத்தது. லேவி தன் நூலை எழுதியது ஊரைவிட்டு வந்து ஏழெட்டு ஆண்டுகள் கழித்து, ஃப்ளோரன்ஸில் ஜெர்மானியருக்குப் பயந்து ஒளிந்திருந்தபோது. அலியானோவை கல்யானோ என்று மாற்றியிருக்கிறார். தேதிக்கும் எண்ணிக்கைக்கும் அவரிடம் போகக்கூடாது, அதற்கு டக்கனும் கபாச்சியாவும் இருக்கிறார்கள்.

இந்தச் சிக்கலை நேராகக் கையிலெடுத்தவர் அலெஸாந்த்ரோ போர்தெல்லி. தேர்னி என்ற எஃகு ஆலை ஊரில் லுயீஜி திராஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி 1949 மார்ச் 17இல் போலீஸால் கொல்லப்பட்டார். நேட்டோவில் இத்தாலி சேர்வதை எதிர்த்த ஊர்வலம் அது. ஆனால் ஊரில் பலரிடம் கேட்டால், 1953இல் ஆலையில் ஆயிரக்கணக்கானோரை வேலையைவிட்டு நீக்கியபோது நடந்த மோதலில் செத்தார் என்றார்கள். தவறான தேதி என்று போர்தெல்லி ஒதுக்கவில்லை. அந்த மரணத்துக்கு ஓர் அர்த்தம் வேண்டியிருந்தது, பதில் சொல்ல முடியாமல் நின்ற அவமானம் ஆற வேண்டியிருந்தது, அதனால் நினைவு அதை நாலு ஆண்டு நகர்த்தியது என்று காட்டுகிறார். வாய்மொழி வரலாறு சேகரிக்க நினைக்கும் எவரும் 'தி டெத் ஆஃப் லுயீஜி திராஸ்துல்லி' (1991) நூலின் தலைப்புக் கட்டுரையைப் படித்துவிட்டு ரெக்கார்டரைக் கையில் எடுப்பது நல்லது.

'தி லெப்பர்ட்' நாவலை ரெண்டு தடவை பாதியில விட்டுட்டேன். விட்டுடலாமா?

ஜுசேப்பே தோமாசி தி லாம்பெதூசா என்ற எழுத்தாளரின் இந்த நாவல் 1860 மே மாதம், கரிபால்டி சிசிலியில் இறங்கும் நேரத்தில் தொடங்குகிறது. எழுதியவரே பலெர்மோவின் ஒரு பிரபு. பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிவிட, 1957இல் இறந்துபோனார். நூல் வந்தது அடுத்த ஆண்டு. மெதுவான நாவல்தான். சாலீனா பிரபுவின் சோர்வு நம்மையும் தொற்றும்.

மூன்றாம் பகுதியை மட்டும் தனியாக எடுத்துப் படித்துப் பாருங்கள். ஒருங்கிணைந்த இத்தாலியில் சேரலாமா என்று வாக்கெடுப்பு நடக்கிறது. மேயர் முடிவை அறிவிக்கிறார்: ஆம் 512, இல்லை 0. பிறகு வேட்டைக்குப் போன இடத்தில் தேவாலயத்து ஆர்கன் வாசிப்பாளர் தொன் சிச்சியோ கொதித்துப்போய்ப் பிரபுவிடம் சொல்கிறார், நான் 'இல்லை' என்றுதான் போட்டேன், என் வாக்கை விழுங்கிவிட்டார்கள் என்று. ஐந்தாவது கேள்வியில் சொன்ன மாவு வரியைப் பின்னாளில் போட்டது இப்படிப் பிறந்த அரசுதான். இந்தப் பகுதி பிடித்தால் முதல் பக்கத்துக்குத் திரும்பலாம். பிடிக்கவில்லை என்றால் நிம்மதியாக விட்டுவிட்டு, 'ஃபோன்டமாரா'வை எடுங்கள்.